கரடிக்கு இரண்டு பல் குறைச்சல்!

மேடை ஏறுகிறவர்கள் தவறாமல் சொல்கிற வாசகம் ஒன்று உண்டு: "இயற்கையே தலைசிறந்த என்ஜினியர்!" சிம்போசியம் தொடக்க விழாவில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். அதற்கப்புறம் படங்கள் வரும். மீன்கொத்தியின் அலகைப் பார்த்து ஜப்பான்காரர்கள் புல்லட் ரயிலுக்கு மூக்கு வைத்த கதை, நாயின் ரோமத்தில் ஒட்டிய முள்விதையைப் பார்த்து வெல்க்ரோ பிறந்த கதை, தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாத கதை. எல்லாம் உண்மைக் கதைகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் நண்பர்களே, அந்த வாசகத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இயற்கை என்ஜினியரே இல்லை! டிராயிங் போர்டு பக்கம் அது ஒரு நாளும் போனதில்லை. கையில் இருக்கிற பழைய சாமானை வைத்து, ஓடுகிற வண்டியை நிறுத்தாமலே ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக் அது. சாட்சிக் கூண்டுக்கு நான் மீன்கொத்தியைக் கூப்பிடப் போவதில்லை. கரடியைத்தான் கூப்பிடப் போகிறேன்.

எந்தக் கரடி? சர்க்கஸில் சைக்கிள் ஓட்டியதும், டெடி பொம்மையாக கடையில் தொங்குவதும் அல்ல. நம்ம ஊர் கரடி. கறுப்பு உடம்பு, சடை சடையாக முடி, நெஞ்சில் வெள்ளையாக ஒரு 'வி' குறி. இந்தியா, இலங்கை, நேபாளம், இவ்வளவுதான் இதன் உலகம். பங்களாதேஷில் இருந்தது, அங்கே அற்றுப்போய்விட்டது. நம் பக்கத்தில் முதுமலை, சத்தியமங்கலம், களக்காடு முண்டந்துறை காடுகளில் இன்னமும் நடமாடிக்கொண்டிருக்கிறது. வளர்ந்த ஆண் கரடி 80 முதல் 145 கிலோ வரை இருக்கும். இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு இது எதைத் தின்று பிழைக்கிறது தெரியுமா? கறையான்!

சிரிக்காதீர்கள். விஷயமே இனிமேல்தான் இருக்கிறது.

ஒரு காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு சில மில்லிமீட்டர் நீளமுள்ளது. அது சிமெண்ட் மாதிரி இறுகிய மண்கோட்டைக்குள் ஒளிந்திருக்கிறது. கோட்டையை உடைத்தால் சரக்கு மண்ணோடு மண்ணாகக் கலந்து வரும். உடைத்த மறுகணமே கடிக்கிற சிப்பாய்கள் வெளியே ஓடி வருவார்கள். ஒன்றொன்றாகப் பொறுக்கினால் பொறுக்கிய உழைப்புக்குக்கூட கூலி தேறாது. ஆயிரக்கணக்கில், அதுவும் சீக்கிரம் அள்ள வேண்டும். இந்த வேலைக்கு ஒரு மெஷின் டிசைன் பண்ணு என்று கொடுத்தால் நீங்களும் நானும் என்ன வரைவோம்? முன்னால் தோண்டுவதற்குக் கொக்கி மாதிரி கருவி. குறுகலான மூக்கு. சரக்கை மொத்தமாக இழுத்துக்கொள்ள ஒட்டுகிற நாக்கோ உறிஞ்சு குழாயோ ஒன்று. மண் ஏறாதபடி அடைப்பு. மெல்லுவதற்குப் பல் அநாவசியம், செலவு மிச்சம்.

இந்த டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்தைச் சுற்றி வாருங்கள். தென் அமெரிக்காவில் ராட்சத எறும்புண்ணி: வாயில் பல்லே கிடையாது, நாக்கு மட்டும் சுமார் 60 செ.மீ., நிமிஷத்துக்கு 150 தடவை வரை உள்ளே போய் வெளியே வரும். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அழுங்கு: அதற்கும் பல் இல்லை, விழுங்கிய சிறு கற்களை வைத்து வயிற்றுக்குள்ளேயே அரைத்துக்கொள்கிறது. கிரைண்டரை வாயிலிருந்து கழற்றி வயிற்றில் மாட்டியது மாதிரி! ஆப்பிரிக்காவில் ஆர்ட்வார்க்: எனாமல் இல்லாத முளைக்குச்சிப் பற்கள், மண்வெட்டி நகம், நீண்ட மூஞ்சி. ஆஸ்திரேலியாவில் எக்கிட்னா: முட்டையிடுகிற பாலூட்டி, அதற்கும் குழாய் மூஞ்சி, ஒட்டும் நாக்கு. பார்த்தால் ஒரே கம்பெனி தயாரிப்பு, மாடல்தான் வேறு என்று தோன்றும். பழைய விலங்கியலாளர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. 'பல்லில்லாதவை' என்று ஒரு கூடை வைத்து எறும்புண்ணி, அழுங்கு, ஆர்ட்வார்க் மூன்றையும் அதில் போட்டு வைத்திருந்தார்கள்.

கூடையைக் கவிழ்த்தது டி.என்.ஏ. 2001-ல் வந்த பெரிய மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. ஆர்ட்வார்க், யானை இருக்கிற ஆப்பிரிக்கக் கூட்டத்தைச் சேர்ந்தது. எறும்புண்ணி, தென் அமெரிக்காவில் மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத்துக்குச் சொந்தம். அழுங்குக்கு மிக நெருங்கிய உறவு யார்? பூனை, நாய், கரடி எல்லாம் அடங்கிய ஊனுண்ணிக் கூட்டம்! அதாவது சத்தியமங்கலத்துக் கரடியும் அழுங்கும் எட்டின பங்காளிகள், அழுங்கும் எறும்புண்ணியும் முகஜாடை மட்டும் ஒத்துப்போன அந்நியர்கள். இரத்த சம்பந்தம் இல்லாமல் ஒரே வேலை, ஒரே உருவத்தைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. இதற்குத்தான் குவி பரிணாமம் என்று பெயர். சுறா ஒரு மீன், டால்ஃபின் ஒரு பாலூட்டி. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டிய வேலை இரண்டுக்கும் ஒன்று. உருவமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது.

2025-ல் 'எவல்யூஷன்' என்ற ஆராய்ச்சி இதழில் ஒரு கட்டுரை வந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாலூட்டிகளின் சாப்பாட்டு விவரங்களைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். டைனோசர்கள் ஒழிந்த கடந்த 6.6 கோடி ஆண்டுகளில், எறும்பும் கறையானுமே கதி என்று ஆகிவிட்ட பாலூட்டி வம்சங்கள் தனித்தனியாகக் குறைந்தது 12 தடவை உருவாகியிருக்கின்றன என்பது முடிவு. யாரும் யாரைப் பார்த்தும் காப்பி அடிக்கவில்லை. (நம்ம ரெக்கார்ட் நோட்டு மாதிரி இல்லை!) இன்னொரு விஷயமும் அதில் சொல்லியிருக்கிறார்கள்: இது ஏறக்குறைய ஒருவழிப் பாதை. அந்த வேலைக்குள் முழுசாக இறங்கியவர்களில் வெளியே வந்ததற்கு ஒரே ஓர் உதாரணம்தான் கிடைத்ததாம், ஆப்பிரிக்காவின் யானைமூஞ்சூறு. பல்லைப் பறிகொடுத்தவன் மறுபடி முறுக்கு தின்ன முடியுமா?

இப்போது நம்ம கரடிக்கு வருவோம். மற்ற கரடிகளுக்கு 42 பல், இதற்கு 40. மேல்வரிசையில் நட்டநடுவே இருக்க வேண்டிய இரண்டு வெட்டுப்பற்கள் இல்லை. உடைந்து போனதல்ல, ஆளான கரடி எதைப் பிடித்துப் பார்த்தாலும் அங்கே ஓட்டைதான். (பிடித்துப் பார்க்க வேண்டாம்!) அந்த ஓட்டைக்கு நேர்மேலே அண்ணம் அகலமாகக் குடைந்து விட்டாற்போல் இருக்கும். உதடுகள் தொளதொளவென்று நீளமாக, வேண்டும்போது முன்னால் குவித்துக் குழாயாக்கிக்கொள்ளலாம். மூக்குத் துவாரங்களைத் தானே மூடிக்கொள்ளும். மூஞ்சியில் முடி ரொம்பக் கம்மி. முன்னங்கால் நகங்கள் மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, வளைந்து, அரிவாள் மாதிரி.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ஊனம் மாதிரி இருக்கும். அசெம்பிள் பண்ணிப் பாருங்கள், பம்ப் தெரியும்! நகத்தால் புற்றைப் பிளக்கிறது. மூஞ்சியை உள்ளே விட்டு முதலில் 'புஸ்'ஸென்று ஊதுகிறது, தூசி மண் பறந்துவிடுகிறது. பிறகு மூக்கை அடைத்துக்கொண்டு உதட்டைக் குவித்து, பல் இல்லாத அந்த இடைவெளி வழியாக இழுக்கிறது ஒரு இழுப்பு! கறையானும் முட்டையும் குஞ்சும் சரசரவென்று உள்ளே போய்ச் சேரும். கிணற்று மோட்டாரைப் பார்த்தவர்களுக்கு இது பாடமே எடுக்க வேண்டாம். சக்‌ஷன் லைனில் எங்கேயாவது காற்று எடுத்தால் பம்ப் தண்ணீர் தூக்காது, ஃபுட் வால்வை மாற்று, ஜாயிண்டில் சணல் சுற்று என்று ஓடுவோம். கரடிக்கு மூக்குதான் அந்த லீக். அதை அடைத்தால்தான் வாயில் வெற்றிடம் பிடிக்கும். குடைந்த அண்ணம் சேம்பர், பல்சந்து இன்லெட் போர்ட், உதடு ஹோஸ். சத்தமும் உண்டு. இது கறையான் உறிஞ்சுகிற சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். இந்தச் சத்தத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பக் கதை. 1791-ல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் இந்த விலங்குக்கு லத்தீன் பெயர் வைத்தார். நீண்ட வளைந்த நகம், முன்பல் கோளாறு... அட, தென் அமெரிக்க ஸ்லாத்! 'பிராடிபஸ் அர்சினஸ்' என்று எழுதிவிட்டார், அதாவது கரடி போன்ற ஸ்லாத். இரண்டே வருஷத்தில், 1793-ல், மேயர் என்பவர் 'மெலர்சஸ்', தேன்கரடி, என்று பெயரை மாற்றினார். 1817-ல் பிளான்வீல் என்ற பிரெஞ்சுக்காரர் உதட்டை வைத்து 'லேபியாடஸ்' என்றார். ஜெர்மனியில் இன்றைக்கும் 'உதட்டுக் கரடி' என்றுதான் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சரியான பெயர், வேலை செய்கிற பார்ட்டின் பெயர். ஆனால் ஆங்கிலத்தில் பழைய பிழை திருப்பிப் போட்டு நிலைத்துவிட்டது: 'ஸ்லாத் பேர்'. ஸ்லாத் என்றால் சோம்பேறித்தனம் என்றும் பொருள் என்பதால், இந்தப் பிராணி மந்தமானது என்று ஒரு அவப்பெயரும் இலவச இணைப்பாக வந்து ஒட்டிக்கொண்டது.

ஷாவை நான் முட்டாள் என்று சொல்ல வரவில்லை. குவி பரிணாமம் செய்கிற விஷமமே அதுதான். உருவத்தை வைத்து உறவு கணிக்கிறவனை அது நன்றாக ஏமாற்றும். பொருளைப் பார்த்தால் போதாது, அது வேலை செய்வதைப் பார்க்க வேண்டும்.

வேலை செய்வதைப் பார்த்தவர்கள் நம் பக்கத்தில் இருந்தார்கள். சங்கப் பாட்டில் கரடிக்கு 'எண்கு' என்று பெயர். அகநானூற்றின் 8-ஆம் பாட்டில், ஈசல் புற்றில் இருக்கும் குரும்பியைத் தின்கிற ஆண் கரடி வருகிறது. நற்றிணை 125-ஆம் பாட்டு இன்னும் ஒரு படி மேலே. கரடி புற்றைப் பிடித்து இழுக்கிறது, உள்ளே இருக்கிற பாம்பு நடுங்குகிறது, அது விடுகிற மூச்சுக்குப் புலவர் கொடுத்த உவமை என்ன தெரியுமா? கொல்லன் உலைத் துருத்தி! ஸ்மித்தி ஷாப்பில் பிளோயர் பக்கத்தில் நின்ற நமக்குத்தான் இதன் அருமை தெரியும். காற்றைத் தள்ளுவதும் இழுப்பதுமாக வேலை செய்கிற ஒரு கருவியை, காற்றைத் தள்ளியும் இழுத்தும் சாப்பிடுகிற ஒரு மிருகத்துக்குப் பொருத்தியிருக்கிறார். உடனே "பரிணாமக் கொள்கையை அன்றே சொன்ன தமிழன்" என்று யாரும் போஸ்டர் அடிக்க வேண்டாம், அந்தப் புலவருக்கு அது நோக்கமும் இல்லை. காடு பக்கத்தில் இருந்தது, கண்ணும் காதும் திறந்திருந்தன. அந்த மரியாதை போதும்.

சரி, அப்படியானால் கரடி ஓர் எறும்புண்ணியாகிவிட்டதா? ஆகவில்லை! என் கட்சிக்கு அதுதான் பலம்.

நாக்கைப் பாருங்கள், 60 செ.மீ. எல்லாம் கிடையாது. பல்லைப் பாருங்கள், இரண்டு போனாலும் நாற்பது பாக்கி. கோரைப்பல் பத்திரமாக இருக்கிறது. கடைவாய்ப் பற்களும் இருக்கின்றன, அவற்றுக்கு வேலையும் இருக்கிறது. கொன்றைக் காய், நாவல், இலந்தை, அத்தி, இலுப்பைப் பூ என்று பழக்காலத்தில் வெளுத்துக் கட்டுகிறது. தேன்கூடு கிடைத்தால் விடுவதில்லை. தின்ற பழத்தின் கொட்டைகளைக் காடு முழுக்கக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டும் வருகிறது. பழம் ஓய்ந்த மாதங்களில் கறையானும் எறும்பும் கைகொடுக்கும். பனிக்காலம் முழுக்கத் தூங்குகிற வட நாட்டுக் கரடிகளைப் போல இதற்கு லீவும் கிடையாது. வருஷம் முழுக்க டூட்டி.

பூச்சி தின்கிற கரடி இது ஒன்றுதானா என்றால், இல்லை. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பக்கத்து மலைகளில் கிரிஸ்லி கரடி, கோடையில் பாறையைப் புரட்டிப் புரட்டி அந்துப்பூச்சி தின்கிறது. உச்சத்தில் ஒரு கரடி ஒரு நாளைக்கு 40,000 பூச்சி வரை உள்ளே தள்ளும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியும் அதற்கு ஒரு பல்கூடக் குறையவில்லை. ஏன்? அது சீசன் வியாபாரம். பூச்சி போனால் புல், வேர், மீன், மான். தென்கிழக்கு ஆசியாவிலும் நம் வடகிழக்கு மாநிலங்களிலும் இருக்கிற சூரியக் கரடி பக்கத்து வழியில் போனது. மரப்பொந்துத் தேனீக் கூட்டைத் துழாவ 25 செ.மீ. வரை நீள்கிற நாக்கை வளர்த்துக்கொண்டது. ஒரே குடும்பம், ஒருவன் நாக்கு, ஒருவன் பம்ப். வேலையில் கொஞ்சம் வித்தியாசம், கருவியிலும் வித்தியாசம். இதையே ஆப்பிரிக்காவில் ஆர்ட்வுல்ஃப் என்ற கழுதைப்புலி இனத்திலும் பார்க்கலாம். அது தின்னும் கறையான் இரவில் தானாகவே மேய்ச்சலுக்கு வெளியே வரும், நக்கினால் போதும். ஒரே ராத்திரியில் மூன்று லட்சம் வரை நக்கிவிடும்! கடைவாய்ப் பற்கள் சும்மா முளைக்குச்சியாகிவிட்டன. ஆனால் தோண்டுகிற நகம்? இல்லை. தோண்டுகிற வேலையே இல்லையே!

ஆக இரண்டு விஷயம் சேர்ந்துதான் உருவத்தைத் தீர்மானிக்கிறது. ஒன்று, வேலை. மற்றொன்று, கையிலிருந்த பழைய சாமான். முதலாவதைப் பற்றித்தான் மேடையில் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பேசுகிறவர் குறைவு. பிரெஞ்சு விஞ்ஞானி பிரான்சுவா ஜாக்கோப் பேசினார். 1965-ல் நோபல் வாங்கியவர். 1977-ல் எழுதிய கட்டுரையில், பரிணாமம் என்ஜினியர் மாதிரி வேலை செய்யவில்லை, கிடைத்ததை ஒட்டுப்போட்டு ஒப்பேற்றுகிறவன் மாதிரி வேலை செய்கிறது என்று வாதாடினார்.

அவர் சென்னைக்கு வந்திருந்தால் மீன்பாடி வண்டியைக் காட்டியிருக்கலாம். ட்ரை சைக்கிள், அதில் எங்கேயோ கழித்துப் போட்ட டூவீலர் என்ஜின், அவ்வளவுதான் வண்டி. குஜராத்தில் சௌராஷ்டிரா பக்கம் 'சக்டா' என்று ஒன்று, முன்பாதி மோட்டார் சைக்கிள், பின்பாதி சரக்குப் பலகை. மீன்பாடிக்காரருக்கு சக்டாவைத் தெரியாது, சக்டாக்காரருக்கு மீன்பாடியைத் தெரியாது. கம்மிக் காசில் சரக்கு ஏற்ற வேண்டும் என்ற ஒரே தேவை இருவரையும் மூன்று சக்கரத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. ஆனாலும் கிட்டே போய்ப் பார்த்தால் எது எதிலிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிடும். ஹேண்டில்பார் காட்டிக்கொடுக்கும். கரடியின் கோரைப்பல் காட்டிக்கொடுப்பது போல.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பயாலஜி தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். மீன்பாடியைக் கழற்றிப் போட்டு ஒரு வாரம் கழித்து மாட்டலாம். கரடியைக் கழற்றிப் போட முடியாது. மாறிக்கொண்டிருந்த ஒவ்வொரு தலைமுறையும் அன்றன்றைக்குச் சாப்பிட்டு, குட்டி போட்டு, பிழைத்திருக்க வேண்டும். பல் கொஞ்சம் சின்னதாகப் பிறந்த குட்டிக்குக் கறையான் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது, அது பஞ்ச காலத்தில் தாக்குப் பிடித்தது, அதன் குட்டிகளுக்கும் அதே பல். மெக்கானிக் என்று நான் சொன்னது ஒரு பேச்சுக்குத்தான். அங்கே யாரும் ஸ்பானர் பிடித்து நிற்கவில்லை. பிழைத்தது நின்றது, பிழைக்காதது போயிற்று.

அதனால்தான் இந்தக் கரடியை 'பாதியில் நின்ற எறும்புண்ணி' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். டிப்ளமோ என்றால் அரை என்ஜினியர் என்று கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிற மாமாக்கள் நம் எல்லாருக்கும் உண்டல்லவா? அவர்களுக்கு டிராயிங் படிக்கவும் தெரிந்து லேத்தில் நிற்கவும் தெரிந்தவன் எதிலும் சேராதவன். கரடி எதற்கும் பாதி இல்லை. கறையான் ஒழிந்த காட்டில் எறும்புண்ணி பட்டினி கிடக்கும், கரடி நாவல் மரத்தடிக்குப் போகும். பழம் காய்க்காத வருஷம் புற்றுக்கு வரும். ஒருவழிப் பாதையில் நுழைந்தும் திரும்புகிற வழியை அடைத்துக்கொள்ளாத ஜீவன் அது. முழுசாக ஒரே வேலைக்கு வார்த்த கருவி அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். எனக்கென்னவோ அழகைவிட இது பிடித்திருக்கிறது.

இந்தப் பம்பை மனிதன் என்ன செய்தான் என்பது வேறு கதை, சொல்லாமல் போக மனசு வரவில்லை. வடக்கே தெருக்களில் ஆட்டிவைத்த கரடி இந்த இனம்தான். குட்டியாகப் பிடித்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூக்குத்தண்டில் துளை போட்டு, அதில் கயிறு கோர்த்துவிடுவார்கள். ஆறாத புண்ணில் கயிறு இழுபட்டால் எழுந்து நிற்கும், அதற்குப் பெயர் நடனம். எந்த இடத்தில் துளை போட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஊதி, அடைத்து, உறிஞ்சிப் பிழைக்கிற அதே மூஞ்சியில்! பல்லையும் பிடுங்கிவிடுவார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறமும் இது பல வருஷம் நடந்தது. ஆட்டிய கலந்தர் மக்களும் பரம ஏழைகள், வேறு தொழில் தெரியாதவர்கள். அவர்களுக்கு மாற்றுத் தொழில் ஏற்பாடு செய்துதான் அறுநூறுக்கும் மேற்பட்ட கரடிகளை மீட்டார்கள். 2009-ல் இந்தியத் தெருக்களின் கடைசி ஆட்டக் கரடியும் மீட்கப்பட்டது. ஆக்ராவிலும் பெங்களூருக்குப் பக்கத்தில் பன்னார்கட்டாவிலும் காப்பகங்கள் இருக்கின்றன. மீட்டவற்றைக் காட்டில் கொண்டுபோய் விட முடியவில்லை. அந்த மூஞ்சியோடும் பல்லோடும் அது எந்தப் புற்றில் போய் என்ன செய்யும்? கஞ்சி ஊற்றி வளர்க்கிறார்கள்.

காட்டில் இருப்பதற்கும் கஷ்டம் குறைவில்லை. பகலில் ஒதுங்குகிற குண்டுப்பாறைக் குன்றுகள் கல்குவாரிக்குப் போகின்றன. காட்டோரத்துப் புற்றுகளை, நிலத்தைச் சமன் செய்கிறோம் என்று ஜே.சி.பி. ஒரே வழியில் வழித்துவிடுகிறது. பழம் பறிக்கவும் விறகு பொறுக்கவும் போகிற ஜனங்களும் கரடியும் ஒரே மரத்தடியில் சந்தித்துக்கொள்கிறார்கள். உலக அளவில் அழியும் அபாயமுள்ள இனங்களின் பட்டியலில் இது இருக்கிறது. அதே சமயம் இந்தக் கரடியால் முகத்திலும் தலையிலும் படுகாயம் பட்ட மனிதர்களும் வருஷா வருஷம் உண்டு. 'மந்தமான பிராணி' என்று பெயர் வைத்தவர்கள் அந்தக் கிராமங்களில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

இங்கேயும் பழைய சாமான் கணக்குத்தான். அழுங்குக்குச் செதில் கவசம், ஆபத்து வந்தால் உருண்டை. ஆர்ட்வார்க் மண்ணுக்குள் புகுந்துகொள்ளும். எக்கிட்னாவுக்கு முள். நம்ம கரடிக்கு இவை எதுவும் கிடையாது. புலியும் சிறுத்தையும் உலாவுகிற காட்டில், மரம் ஏறினாலும் சிறுத்தை பின்னாலேயே ஏறும். அதனிடம் இருப்பது கரடியின் உடம்பும் கோரைப்பல்லும் புற்றுடைக்கிற நகமும்தான். ஆகவே எதிரி கிட்டத்தில் தென்பட்டால் எதிர்த்துப் பாய்வதே அதன் தற்காப்பு. குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரிகிற தாயாக இருந்தால் கேட்கவே வேண்டாம். (முதுகில் குட்டி சுமப்பது கரடி இனங்களில் இது மட்டும்தான். தென் அமெரிக்க எறும்புண்ணியும் குட்டியை முதுகில்தான் சுமக்கிறது!)

அந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே? புற்றுக்குள் மூஞ்சியை விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கிற கரடிக்கு, தன் பம்ப் போடுகிற இரைச்சலில் ஆள் வருகிற சத்தம் கேட்பதில்லை. நாம் பத்தடிக்குள் போய் நிற்போம், அது நிமிரும், அவ்வளவுதான். திடுக்கிட்ட கரடிதான் அதிகம் தாக்குகிறது என்று இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப் மலைப் பக்கம் போட்டால், விடியற்காலையிலும் இருட்டிலும் தனியாகப் போகாதீர்கள். நாலு பேராகச் சேர்ந்து, பேசிக்கொண்டே போங்கள். நம்ம செட்டுக்கு அது ஒன்றும் கஷ்டமான காரியம் இல்லை. தூரத்தில் துருத்தி ஊதுகிற மாதிரி சத்தம் கேட்டால் மட்டும், பேச்சை நிறுத்தாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.